டெகடன்ஸ்: ஒரு சொல்லின் பிறப்பும் அது விட்டுச்சென்ற நிழலும்

அரபு இலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் 'அஸ்ருல் இன்ஹிதாத்' என்னும் தலைப்பைப் பெரும்பாலும் சந்திக்காமல் இருப்பதில்லை. வீழ்ச்சிக் காலம் என்பது அதன் பொருள். ஹுலாகுவின் படை பக்தாதைச் சூறையாடிய 1258இல் தொடங்கி, நெப்போலியன் எகிப்தில் கால்வைத்த 1798இல் அது முடிவதாக எழுதுவர். 540 ஆண்டுகள்! இத்துணை நீண்ட காலத்தையும், ஸ்பெயின் எல்லை முதல் சிந்துவெளி வரை பரந்த நிலத்தையும் ஒரே சொல்லில் அடைத்துவிட முடியுமா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. 'இன்ஹிதாத்' அரபுச் சொல்தான். ஆனால் இவ்வழக்கில் அதனுள் குடியிருக்கும் கருத்து 'டெகடன்ஸ்' என்னும் ஐரோப்பியச் சொல்லினுடையது. ஆகவே அச்சொல்லின் பிறப்பை முதலில் அறிவது நலம்.

'கதேரே' என்னும் இலத்தீன் வினைக்கு விழுதல் என்று பொருள். கீழ்நோக்கிய அசைவைக் குறிக்கும் 'தெ' முன்னொட்டு அதனோடு சேர, இடைக்கால இலத்தீனில் 'தெகதென்தியா' பிறந்தது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தை அடைந்தது. சிதைவைக் குறிக்கும் 'டிகே' என்னும் எளிய சொல்லும் இதே வேரிலிருந்து பழைய பிரெஞ்சின் வழி வந்ததே. குரலின் இறக்கமாகிய 'கேடன்ஸ்', எதிர்பாராது வந்து விழுவதாகிய 'ஆக்ஸிடென்ட்', பகடை விழும் விதமாகிய 'சான்ஸ்' ஆகியவையும் இக்குடும்பத்தவை. பத்தாண்டைக் குறிக்கும் 'டெகேட்' மட்டும் உறவல்ல. அது கிரேக்கத்தின் பத்து. இன்னொரு சுவையான உறவும் உண்டு. மேற்கைக் குறிக்கும் 'ஆக்ஸிடென்ட்' வேறொரு சொல். ஞாயிறு விழும் திசை என்பதே அதன் பொருள். அரபியின் 'கர்ப்' என்பதும் மறைதலையே குறிக்கும். மேற்கு தன் பெயரிலேயே வீழ்ச்சியைச் சுமந்திருக்க, கிழக்குக்கு அப்பட்டத்தைச் சூட்டியது வரலாற்றின் விந்தை.

சொல் வெறும் விழுதலாக இருந்தவரை தீங்கில்லை. 1734இல் மான்டெஸ்கியூ உரோமரின் பெருமைக்கும் வீழ்ச்சிக்குமான காரணங்களை ஆராய்ந்த நூலின் தலைப்பில் அதை வைத்தார். அங்கே அது ஓர் அரசின் கதை. நூறாண்டு கழித்து, 1834இல் தெசிரே நிசார் பிற்கால இலத்தீன் கவிஞர்களை 'வீழ்ச்சிக் கவிஞர்' என்று நூல் தலைப்பிலேயே அழைத்தார். இங்குதான் திருப்பம். அரசு வீழ்ந்தால் மொழியும் வீழும், மொழி வீழ்ந்தால் வருணனையும் சொல்லலங்காரமும் மிகும் என்று ஒரு சங்கிலி கோக்கப்பட்டது. அரசியல் நிகழ்ச்சி ஒன்று இலக்கியத்தின் மீது தீர்ப்பாக மாறியது.

இதற்கு மறுப்பும் பிரான்சிலேயே எழுந்தது. 1868இல் போதலேரின் கவிதைத் தொகுப்புக்கு முன்னுரை வரைந்த கோத்தியே, வீழ்ச்சிக்காலப் பாணி என்பது முதிர்ந்த நாகரிகத்தின் நுட்பமான மொழியே என வாதிட்டார். 1886இல் அனத்தோல் பாஜு 'லெ தெகதான்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். வசைச்சொல் பதக்கமாயிற்று. ஆங்கிலத்தில் ஆர்தர் சைமன்ஸ் 1893இல் அவ்வியக்கத்தை அறிமுகம் செய்து, 1899இல் அதே கவிஞர்களைப் பற்றி நூல் எழுதியபோது 'குறியீட்டியம்' என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஆக, கவிதை அதுவே. பட்டம் மட்டும் மாறியது. பட்டம் சூட்டுவோரின் அளவுகோலைத்தான் இச்சொல் காட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம் வீழ்ச்சிக் காலத்துக்கு வருவோம். பக்தாத் வீழ்ந்த மறு ஆண்டே, 1259இல், நஸீருத்தீன் தூஸியின் தலைமையில் மராகா வானாய்வுக்கூடம் எழுந்தது. டமாஸ்கஸின் இப்னு ஷாத்திர் 1375இல் மறைந்தார். நிலவின் இயக்கத்துக்கு அவர் வகுத்த அமைப்பும் 1543இல் வெளிவந்த கோப்பர்னிக்கஸ் நூலில் உள்ளதும் ஒன்றே என்பதை 1957இல்தான் உலகம் உணர்ந்தது. எல்லாவற்றினும் கூர்மையான சான்று அகராதியே. 'இன்ஹிதாத்' என்பதன் பொருளை அறிய நாம் திறக்கும் 'லிஸானுல் அரப்' பேரகராதியை இப்னு மன்ஸூர் முடித்தது 1290இல். வீழ்ச்சிக் காலம் என்று சொல்வதற்கான சொற்களஞ்சியமே அவ்வீழ்ச்சிக் காலத்தின் கொடை.

தேய்வே நிகழவில்லை என்பதன்று நம் வாதம். நகரங்கள் அழிந்தன, நூலகங்கள் எரிந்தன. தேய்வை நம்மவரே ஆராய்ந்தும் இருக்கின்றனர். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், தலைமுறைக்கு நாற்பதாண்டாக மூன்று தலைமுறை, ஏறத்தாழ 120 ஆண்டு, என அரசகுலங்களுக்கு ஆயுள் கணித்தார். ஆனால் அவர் கண்ட முதுமை அரசுக்குரியது. காரணமும் இடமும் உடையது. மக்ரிபில் கல்வி தேய்வதைச் சொன்ன அவரே கெய்ரோவில் அது தழைப்பதையும் சொன்னார். ஒரு சமயத்துக்கோ மொழிக்கோ அவர் மரண ஓலை எழுதவில்லை.

1930இல் ஷகீப் அர்ஸலான் முஸ்லிம்கள் ஏன் 'பின்தங்கினர்' என்று கேட்டார். பின்தங்கியவன் வழியில் இருக்கிறான். எட்டி நடந்தால் சேர்ந்துகொள்வான். அழுகியதற்கு அவ்வாய்ப்பு இல்லை. 1950இல் வெளிவந்த நூலின் தலைப்பில் அபுல் ஹஸன் அலீ நத்வி 'இன்ஹிதாத்' என்ற சொல்லையே எடுத்தாண்டார்; ஆயினும் அதனால் உலகம் எதை இழந்தது என்று வினாவைத் திருப்பி, சொல்லைப் பொறுப்புணர்வின் சொல்லாக்கினார். அவ்வேர்ச்சொல்லின் இயல்பும் அதுவே. சுமையை இறக்கி வைத்தல் அதன் முதற்பொருள். பாவச்சுமை நீங்க வேண்டும் 'ஹித்ததுன்' என்னும் குர்ஆன் சொல்லும் அவ்வேரினதே.

இவ்விவாதம் அரபியரோடு முடிவதில்லை. தமிழிலும் பிற்காலச் சிற்றிலக்கியங்களைத் தேய்வின் அடையாளமாகக் கருதும் போக்கு நெடுங்காலம் நிலவியது. 1572இல் அரங்கேறிய ஆயிரம் மசலாவும், 17ஆம் நூற்றாண்டின் சீறாப்புராணமும், படைப்போர், கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்னும் புதிய வகைகளும் அக்காலப் பரப்பிலேயே தோன்றின. தமிழ் முஸ்லிம் இலக்கியத்துக்கு அது விடியற்காலம்! பிறர் வரைந்த காலக்கோட்டை அப்படியே ஏற்பவன், தன் முன்னோரின் நூலைத் திறக்கும் முன்னரே மூடிவிடுகிறான். காலத்தின் மீது ஒட்டப்பட்ட பட்டத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, நூலை முதலில் படிப்போம். வீழ்ந்தது எது, நின்றது எது என்பதை அதன் பின்னர் முடிவு செய்யலாம்.