பாட்டியின் கல்யாணப் படமும் சிவப்புச் சேனலும்

எழுபது வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடந்த கல்யாணப் படம். அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளை. நடுவே ஒரு மடிப்பு, பாட்டியின் கன்னத்தில் மஞ்சள் கறை, ஓரங்களில் வெள்ளி மினுமினுப்பு. இந்த மினுமினுப்பைத் துணியால் துடைக்கக் கூடாது. படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து படிந்திருக்கிறது. இந்த ஒரு படத்தை வைத்து ஜிம்ப் 3.0 படத்திருத்த மென்பொருளை ஒரு வாரம் சோதித்தேன். 2025 மார்ச்சில் வந்தது, இலவசம்.

கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்துவிடாதீர்கள். கலரில், 600 டிபிஐயில், டிஃப் கோப்பாக எடுங்கள். ஆறுக்கு நான்கு அங்குலப் படம் 24 பிட்டில் சுமார் 26 எம்பி வரும். கலர் எதற்கு? மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் விழுங்கும். சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஜிம்ப்பின் ‘டீகம்போஸ்’ படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பிரித்துத் தருகிறது. நீலத்தில் பாட்டியின் கன்னம் கரி பூசியதுபோல் இருந்தது. சிவப்பில் கறை இருந்த இடமே தெரியவில்லை! ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாமல் பாதி வேலை முடிந்தது.

மடிப்புக்கு ‘ஹீல்’. கண்ட்ரோலை அழுத்தி நல்ல இடத்தைக் கிளிக் செய்து, கீறல்மேல் தேய்க்க வேண்டும். சுவரிலும் வேட்டியிலும் அருமையாகப் பொருந்தியது. புடவைக் கரையில் கறுப்பு பரவியதால் அங்கே மட்டும் ‘குளோன்’. கரையின் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க இரண்டு மாலை போனது. எல்லாவற்றையும் தனி லேயரில் செய்தேன். அடியில் மூலப்படம் அப்படியே இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, முகத்தைத் தெளிவாக்கும் ஒரு ஏஐ செயலியிலும் அதே படத்தைக் கொடுத்தேன். சில நொடிகளில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. இடப்பக்கத்து மூக்குத்தி இல்லை. உதட்டோர மருவும் இல்லை. இத்தகைய செயலிகள் ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கிய இடத்தில் இருக்கக்கூடியதை வரைகின்றன, இருந்ததை மீட்பதில்லை. சுவரில் மாட்ட ஆசைப்படுபவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கென்று சேமிக்கும் கோப்புக்குள் அந்த முகத்தை நான் விடமாட்டேன். அது என் பாட்டி இல்லை.

ஹார்ட் டிஸ்க்கில் இப்போது மூன்று கோப்புகள்: தொடாத ஸ்கேன், திருத்திய படம், அட்டையின் பின்பக்கம். பின்பக்கத்தில் தாத்தா பென்சிலில் எழுதிய கல்யாணத் தேதி இருக்கிறது. அது இன்னும் நன்றாகத் தெரிகிறது.