ரோகிணியில் பிறந்த வலெந்தீனா

வலெந்தீனா! சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்தத் 'தீ'யை நன்றாக இழுக்க வேண்டும். ரஷ்யர்கள் அழுத்திச் சொல்வதும் அந்த இடத்தைத்தான். மொட்டை மாடியில் நின்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுவதற்கென்றே பிறந்த பெயர். என் மகளின் பெயர் அது. நான் கோயம்புத்தூர்க்காரி, வீட்டுக்காரருக்குப் பொள்ளாச்சி. இரண்டு பக்கமும் ரஷ்யாவுக்குப் போனவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவுகளில், வீட்டுக் கடன் உட்பட, இதுபோல ஒன்று அமையவே இல்லை.

யார் பெயர் என்று தெரியாதவர்களுக்கு: வலெந்தீனா தெரெஷ்கோவா, விண்வெளிக்குப் போன முதல் பெண். 1963 ஜூன் 16 அன்று வோஸ்தோக்-6 கலத்தில் ஏறியபோது வயது 26. அதற்கு முன்னால் யாரோஸ்லாவல் நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் தொழிலாளி. பஞ்சாலை! கோவையில் பிறந்தவளுக்கு அந்த ஒரு சொல் போதாதா? அப்பா டிராக்டர் ஓட்டியவர், இவர் சின்னக் குழந்தையாக இருந்தபோதே பின்லாந்துப் போரில் இறந்துபோனார். அம்மாவும் பஞ்சாலை வேலைதான். பெண் மில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்தார், ஓய்வு நேரத்தில் பாராசூட்டில் குதிக்கப் பழகினார். விமான ஓட்டியாக இருந்தவர் இல்லை. ஆனால் வோஸ்தோக் கலத்தில் போகிறவர் திரும்பி வரும்போது சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தைவிட்டு வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில்தான் தரைக்கு வந்தாக வேண்டும். குதிக்கத் தெரிந்தவர்தான் வேண்டியிருந்தது.

70 மணி 50 நிமிடம். பூமியை 48 சுற்று. அதுவரை விண்வெளிக்குப் போயிருந்த அமெரிக்கர்கள் எல்லோருடைய நேரத்தையும் கூட்டினாலும் இந்த ஒரு பெண்ணின் கணக்குக்கு வராது. தன்னந்தனியாக விண்வெளிக்குப் போய்வந்த பெண் இன்றைக்கும் அவர் ஒருவர்தான். எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. கலத்தில் பற்பசை வைத்தவர்கள் பிரஷ் வைக்க மறந்துவிட்டார்கள்! அம்மாவிடம் பாராசூட் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மகள் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருப்பது அந்த அம்மாவுக்குச் செய்தி வந்த பிறகுதான் தெரியும். (என் பெண் இப்படிச் செய்தால்? முதலில் வாய் ஓயுமட்டும் திட்டுவேன். பிறகு தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.)

இந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் அப்புச்சி வழியாக. மில் தொழிலாளி, சங்கக்காரர். 'சோவியத் நாடு' பத்திரிகை வாங்குவார். அந்த வழவழப்புத் தாளில் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டு போன தலைமுறை என் அம்மாவுடையது. அம்மா பிறந்தது 1963 கடைசியில். தோழர்கள் வீடுகளில் வாலண்டினாக்கள் பிறந்துகொண்டிருந்த காலம். அப்புச்சியும் அதே முடிவோடுதான் இருந்திருக்கிறார். அவரைப் பெற்ற ஆத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், குலதெய்வத்தின் பேர்தான் என்று. மனுஷன் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அக்கம்பக்கம் யாரும் இல்லாதபோது, கடைசிவரை, மகளை வாலண்டினா என்றுதான் கூப்பிட்டார். அம்மா இதை என்னிடம் சொன்னது எனக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது. அன்றைக்கே தீர்ந்தது பெயர் விஷயம்.

தமிழ்நாட்டில் இது புதுப் பழக்கமும் இல்லையே. 1953 மார்ச் 1 அன்று பிறந்த மகனுக்குக் கலைஞர் ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். மார்ச் 5 அன்று சோவியத் ஸ்டாலின் காலமாகியிருந்தார். அந்த மகன் முதலமைச்சராகிக் கல்யாண மேடைகளில் நின்று, பிறக்கும் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள் என்று மணமக்களைக் கேட்டுக்கொண்டதும் நமக்குத் தெரியும். எனக்கு அதில் சிரிப்பு வந்தாலும் அவர் சொன்னதோடு சண்டை இல்லை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் நடந்த மண் இது. லெனின்களும் ஜென்னிகளும் ககாரின்களும் வளர்ந்ததும் இதே மண்தான்.

தனித்தமிழ் அன்பர்களுக்கு நான் காட்டும் சீட்டு ஒன்று உண்டு. வ, லெ, ந், தீ, னா. ஒரு கிரந்த எழுத்து இருக்கிறதா? தமிழ்ச் சொல் வகரத்தில் தொடங்கலாம், ஆகாரத்தில் முடியலாம், நடுவில் நகர மெய்யும் தகரமும் கைகோத்து வரலாம். நன்னூலை மடியில் வைத்துக்கொண்டு தேடினாலும் இந்தப் பெயரில் குற்றம் அகப்படாது. எங்கள் பிரசவ வார்டில் அந்த வாரம் வைத்த பெயர்களில் பாதி ஷ இல்லாமல் எழுத முடியாதவை. வைத்தவர்கள் எல்லோரும் அசல் உள்ளூர்க்காரர்கள். (தெரெஷ்கோவா என்று எழுத ஷ வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது அவர் குடும்பப் பெயர், என் பிள்ளையுடையது இல்லை.)

அப்புச்சி சொன்ன வாலண்டினாவை வலெந்தீனா ஆக்கியது நான்தான். ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் அங்கே 'டி' உட்கார்ந்துகொண்டது. ரஷ்யர்களின் நாக்கு பல்லைத் தொட்டுச் சொல்வது, நம் தகரம் மாதிரி. என்ன, ந்த என்று வந்துவிட்டால் தமிழ் வாய் தானாக மென்மையாகிவிடும், அவர்களோ அதை வல்லினமாகவே சொல்வார்கள். மாஸ்கோக்காரர் யாராவது கேட்டால் புருவத்தைத் தூக்கக்கூடும். தூக்கட்டும். எங்கள் ஊர் வலெந்தீனா இப்படித்தான்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அத்தைக்கு ஜாதகம், நட்சத்திரம், எண் கணிதம் மூன்றும் வேண்டும். குழந்தை பிறந்தது ரோகிணி இரண்டாம் பாதம். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ரோகிணிக்கு ஓ, வ, வி, வுங்க அம்மிணி. ரெண்டாம் பாதத்துக்கு வ. வனிதா, வசந்தி, வள்ளி, என்ன வெக்கலாம்னு பாரு" என்றார்.

"வலெந்தீனா வெக்கலாங்களா அத்தை?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அது யாரு?"

சொன்னேன். மில்லில் வேலை பார்த்தது, அப்பா இல்லாமல் வளர்ந்தது, ஆகாயத்தில் 48 சுற்றுச் சுற்றியது, எல்லாம். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பத்தரமா எறங்குச்சா அந்தப் புள்ள?" இறங்கியது, அடுத்த வருடமே ஒரு பெண் குழந்தையும் பெற்றது, அந்தக் குழந்தைக்கு அப்பாவும் விண்வெளிக்குப் போனவர் என்றேன். "அப்ப வெய்யி. எழுத்துதான் பொருந்துதே." தொட்டில் போட்ட அன்று நாத்தனார் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னபோது, மூன்றும் மூன்று விதமாக வந்தன. அதனால் என்ன! சபையே சேர்ந்து நான்காவது முறை திருத்திச் சொன்னதே, அந்தச் சத்தத்துக்கு ஈடு உண்டா?

வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் கூடங்குளத்தில் வேலையில் இருக்கிறார். அங்கே ரஷ்யப் பொறியாளர்கள் குடும்பத்தோடு தங்குகிறார்கள் அல்லவா? அவர்களில் ஒரு பெண்மணியிடம் எங்கள் செய்தியைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். தன் பாட்டி பெயராம் அது. இப்போது பிறக்கும் ரஷ்யக் குழந்தைகளுக்கு அநேகமாக யாரும் வைப்பதில்லையாம். அதாவது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆசை ஆசையாகத் தன் பெண்ணுக்குச் சரோஜா என்று வைத்த கதை. எனக்கு இதைக் கேட்டதும் பெருமை இரண்டு மடங்காகிவிட்டது! தெரெஷ்கோவாவோடு 1962-ல் பயிற்சிக்குத் தேர்வான பெண்கள் மொத்தம் ஐந்து பேர்: தத்யானா, இரீனா, ஜான்னா, மற்ற இருவரும் வலெந்தீனா. ஐந்தில் இரண்டு! அந்தக் காலத்துச் சரோஜாவேதான், சந்தேகமில்லை.

கேள்விகள் வரும். நீங்க கிறிஸ்டியனா? இல்லை. காதலர் தினத்தில் பிறந்ததா? இல்லை. உயிரோடிருப்பவர் பெயரை வைக்கலாமா, நாளைக்கு அவர் ஏதாவது செய்துவிட்டால்? இது நியாயமான கேள்வி. செய்தும்விட்டார். 2020 மார்ச்சில் ரஷ்ய நாடாளுமன்றத்தில் எழுந்து, புதின் மறுபடியும் தேர்தலில் நிற்க வழிவிடும் திருத்தத்தை முன்மொழிந்தவர் இதே தெரெஷ்கோவாதான். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. நான் பெயரை வாங்கியது அந்த 26 வயது மில்காரப் பெண்ணிடம், நாடாளுமன்ற உறுப்பினரிடம் அல்ல. மகள் கேட்கும் வயது வரும்போது இரண்டையும் சொல்லத்தான் போகிறேன்.

செல்லப் பெயர் தேடவே வேண்டியிருக்கவில்லை. ரஷ்யாவில் வலெந்தீனாவைச் சுருக்கி வால்யா என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரே வாரத்தில் வாலு ஆனது. நடக்க ஆரம்பித்த பிறகு அதை மாற்ற எவருக்கும் காரணமே கிடைக்கவில்லை. இன்னொரு சந்தோஷம், இனிஷியல். தெரெஷ்கோவாவின் முழுப் பெயர் வலெந்தீனா விளதீமிரவ்னா தெரெஷ்கோவா. நடுவில் இருப்பது விளதீமிரின் மகள் என்பது, அப்பா பெயர். நாம் ஒரு எழுத்தாக முன்னால் ஒட்டுவதை அவர்கள் முழுசாக நடுவில் வைத்துக்கொள்கிறார்கள். குடும்பப் பெயரே இல்லாமல் அப்பா பெயரை எழுத்தாகச் சுமக்கும் நமக்கு, ஐரோப்பியப் பெயர்களிலேயே ரஷ்யப் பெயர்தான் கிட்டத்துச் சொந்தம் என்று தோன்றுகிறது.

வெளிப் பெயர் வைக்க ஆசைப்பட்டுத் தயங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ஒரு தகவல். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது, தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரைகூடச் சேர்க்கலாம். ஆகவே அவசரமே இல்லை. சோறு ஊட்டும்போது கூப்பிட்டுப் பாருங்கள், கோபத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், பால்காரரைக் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பால்காரர் முதல் தடவையே சரியாகச் சொன்னார், படித்த உறவுக்காரர்கள்தான் திணறினார்கள்.

அடுத்ததும் பெண் என்றால் இரீனா என்று முடிவாகிவிட்டது. பையன் என்றால் அத்தையின் இஷ்டம். அத்தை இப்போதே ககாரினுக்கு எந்த நட்சத்திரம் பொருந்தும் என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.