வெள்ளைக் குதிரைக்காரர் சொன்ன மருந்து

குழந்தைக்குக் கக்குவான் இருமல். வெள்ளைக் குதிரையில் யாராவது வந்தால் மறித்து, “இதுக்கு என்ன மருந்து?” என்று கேட்க வேண்டும். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் மருந்து. அவர் வைத்தியரே அல்ல, வழிப்போக்கர். அயர்லாந்துக் கிராமங்களின் பழைய கைவைத்தியம் இது.

‘பலிக்குமா?’ என்று உடனே கேட்டால் ருசி போயிற்று. நிபந்தனைகளைப் பாருங்கள். மருவின் மேல் நத்தையைத் தேய்த்து, அதை முள்ளில் குத்திவைப்பார்கள். நத்தை காயக் காய மருவும் உதிருமாம். அந்தக் ‘காயக் காய’வில் இருக்கிறது சூட்சுமம்: பெரும்பாலான மரு நாளாவட்டத்தில் தானே போய்விடும், அதுவரை பொறுத்திருக்க ஒரு சாக்கு வேண்டாமா? ஏழாவது மகனுக்குக் கைராசி உண்டு என்பார்கள். ஆனால் கைராசிக்காரர் காசு கேட்கக் கூடாது. சில இடங்களில் அவருக்கு நன்றிகூடச் சொல்லக் கூடாது.

காதல் சங்கதிகளுக்கு ஹாலோவீன் இரவு. இரண்டு கொட்டைகளுக்கு ஜோடியின் பெயரை வைத்துத் தணலில் போடுவார்கள். சேர்ந்து எரிந்தால் பொருத்தம்; ஒன்று வெடித்துத் தெறித்தால் போச்சு. அடுப்பைச் சுற்றி மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் யார் பெயரைச் சொல்கிறாள் என்பதுதான் விஷயமே, கொட்டை சும்மா. மாவு பரப்பிய தட்டில் நத்தையை விட்டால், விடிந்ததும் அதன் தடத்தில் வரப்போகிறவன் பெயரின் முதலெழுத்து தெரியும். (ஆசைப்பட்ட எழுத்து தெரியாமலா போகும்!) எல்லாமே இனிப்பல்ல. பிணத்தின் தோலை ஒரே பட்டையாக உரித்து, தூங்குகிறவன்மேல் கட்டும் வசியமும் உண்டு. அதையும் தாண்டாமல் படியுங்கள்.

இதையெல்லாம் எங்கே படிப்பது? எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அம்மா லேடி வைல்ட் 1887இல் வெளியிட்ட தொகுப்பு பிரபலம். எனக்கு அதைவிடப் பிடித்தது, 1937 முதல் 1939 வரை சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டுகள். அலங்காரமே கிடையாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

‘பலிக்குமா’ என்று கேட்டே தீர வேண்டுமென்றால், வட அயர்லாந்தின் போஹோ தேவாலயத்து மண்ணைப் பாருங்கள். துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்தால் நோய் தீரும் என்பது ஊர் வழக்கு. மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் சிலவற்றை ஆய்வகத்தில் அடக்கிய ஒரு பாக்டீரியா அந்த மண்ணில் இருப்பதாக 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட வேண்டும்.