வம்சாவளியும் பிறப்பும்

சாதி இனம் அல்ல. சரிதான், அம்பேத்கரே 1936இல் சொன்னது. சாதியை ஒழிக்க அவர் சொன்னதை, 1996இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவிடம் பதில் சொல்லாமல் தப்பிக்க இந்திய அரசு எடுத்துக்கொண்டது.

ஆனால் 1965ஆம் ஆண்டின் உடன்படிக்கை இனத்தோடு நிற்கவில்லை. நிறம், வம்சாவளி என்றும் முதல் பிரிவு பேசுகிறது. வம்சாவளியைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான்! 1946இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக ஐ.நா. படியேறிய நாடு இது. 'உள்நாட்டு விவகாரம்' என்றது அன்றைய தென்னாப்பிரிக்கா. 2001இல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாநாடு கூடியபோது அந்த வசனம் நம்மாட்கள் வாயில். மாநாட்டு அறிக்கையில் சாதி என்ற சொல்லே வரவில்லை. 2002இல் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் சாதியும் இதில் அடக்கம் என்று எழுதியது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை என்பது வேறு விஷயம்.

தமிழில் இன்னொரு சிக்கல். வம்சாவளி என்பது பாளையக்காரர்கள் தம் பெருமையை எழுதிவைத்த சுவடிகளுக்குப் பெயர். பாலவனத்தம், திருச்சுழிப் பக்கம் டீக்கடையில் வெளியூர்க்காரனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. "தம்பி எந்தத் தெரு?"ன்னுதான் கேக்காங்க. தெரு தெரிந்தால் பிறப்பு தெரிந்தது. 'பிறப்பு' என்றே மொழிபெயர்த்திருக்கலாம்.