சிறைப்புறத்தில் நிற்போர்

அகப்பாடல்களைப் பயிலும் மாணவர், தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி கூறியது என்னும் துறைக்குறிப்பைப் பலமுறை கண்டிருப்பர். தோழி பேசுவது தலைவியிடம். சொற்கள் சென்று சேரவேண்டிய இடமோ, வேலிக்கப்பால் மறைந்து நிற்கும் தலைவனின் செவி. நாடாளும் தலைவர்கள் சமூக ஊடகத்தில் ஒருவரோடொருவர் பேசும் முறையை ஆராய்வார்க்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைத்தல் அரிது.

2015 டிசம்பர் 25ஆம் நாள், காபூலிலிருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப்புக்குத் தொலைபேசியில் பிறந்தநாள் வாழ்த்துக் கூறினார். அன்று பிற்பகலே லாகூரில் அவரைச் சந்திக்கவிருப்பதாக டுவிட்டரில் அறிவித்தார். (அத்தளம் 2023 முதல் எக்ஸ் எனப் பெயர் பூண்டுள்ளது.) ஷெரீப்புக்கு உரிய சொல் தொலைபேசியிலேயே முடிந்துவிட்டது. எழுத்தில் வந்தது வேலிப்புறத்தில் நின்ற இருநாட்டு மக்களுக்கு. எட்டே நாளில், 2016 ஜனவரி 2ஆம் நாள், பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டது. மலர்ந்த சொற்கள் அதனைத் தாங்கவில்லை.

வேலிப்புறத்தார் சொல்லில்லாத இடத்தும் பொருள் காண்பர். 2020 ஏப்ரலில் வெள்ளை மாளிகையின் கணக்கு மோடியைப் பின்தொடர்ந்து, சின்னாளில் விலகியது. அதற்கே இந்தியாவில் ராகுல் காந்தி வருத்தம் தெரிவித்தார்!

இதற்கு நேர்மாறானது அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் 2019 ஜூன் 29ஆம் நாள் ஒசாகாவிலிருந்து எழுதியது. வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன் இதனைக் காண்பாராயின், எல்லையில் கைகுலுக்கச் சந்திப்பேன் என்றார். இங்கே பேச்சு உலகத்தாரிடம்; வேலிப்புறத்தில் நிற்பவர் கிம். தோழியின் உத்தி அப்படியே அமைந்துள்ளது. வடகொரிய அதிகாரி சோ சொன் ஹுய், கருத்து சுவையானதே, ஆயின் முறைப்படி அழைப்பு வரவில்லை என்றார். மறுநாள் பன்முன்ஜோமில் இருவரும் கைகுலுக்கினர்.

உத்தி பலித்தது எனலாமா? தோழியின் சிறைப்புறக் கூற்றுப் பலவற்றிற்கு இலக்கு வரைவு. களவு நீளாது மணம் நிகழ வேண்டும். தலைவன் கேட்டு மகிழ்ந்து திரும்பின், அக்கூற்றுத் தோற்றதேயாகும். தூதுவன் காலமும் இடமும் அறிந்து, எண்ணி உரைக்க வேண்டும் என வள்ளுவர் விதித்ததும் செயல் முடிதற்பொருட்டே. பன்முன்ஜோமில் கைகுலுக்கல் நிகழ்ந்தது, வரைவு நிகழவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் இருநாட்டு அலுவலர் கூடிய பேச்சு ஒரே நாளில் முறிந்தது.