ஒரே பாடம், ஒரே தேர்வு: ரஷ்ய மரபின் மூன்று பள்ளிகள்

பனி நடனம், இசைநாடக அரங்கு, மனித விண்பயணம் ஆகிய மூன்றும் இருபதாம் நூற்றாண்டில் ரஷ்யா உலக அரங்கில் தனி முத்திரை பதித்த துறைகளாகும். வெளித்தோற்றத்தில் இவற்றுக்கிடையே உறவேதும் இல்லை. எனினும் ஒவ்வொரு துறையிலும் யார் யாரிடம் பயின்றார், யார் முன் தேர்வு எழுதித் தேறினார் என்ற வரலாற்றைத் தொடர்ந்து செல்வோர்க்கு மூன்றையும் ஒரே ஒழுங்குமுறை தாங்கி நிற்பது புலப்படும். பயில்வோர் அனைவரும் முதலில் ஒரே பாடத்தை ஒரே அளவுகோலுக்கு உட்பட்டுச் செய்துகாட்ட வேண்டும் என்பதும், தனித்தன்மைக்கான உரிமை அதன் பின்னரே கிடைக்கும் என்பதுமே அந்த ஒழுங்குமுறை. பதக்கங்களின் எண்ணிக்கையும் ‘உலகில் முதன்முதலாக’ என்று தொடங்கும் பட்டியல்களும் பலராலும் எழுதப்பட்டுவிட்டன. அவற்றை ஈன்ற பள்ளிகளே இங்கு நோக்கத்தக்கவை.

பனி நடனம் என்பது ஆணும் பெண்ணும் இணைந்து பனித்தளத்தில் ஆடும் சறுக்கு நடனமாகும். இணைச் சறுக்கு எனப்படும் மற்றொரு பிரிவில் துணையைத் தூக்கி எறிதலும் பல சுற்றுத் தாவல்களும் உண்டு; பனி நடனத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே நடனக் கலைஞரின் திறமை முழுவதும் காலடியிலேயே வெளிப்பட்டாக வேண்டும். சறுக்குக் காலணியின் அலகு கத்தியைப் போல ஒற்றை முனை உடையதன்று. அதன் அடிப்புறம் நீளவாக்கில் சற்றே குழிக்கப்பட்டிருப்பதால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் அதற்கு உண்டு. உடலை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றை விளிம்பில் மட்டும் சறுக்கும்போது பனிமேல் ஒரு வளைகோடு பதிகிறது. சாய்வு மிகுந்தால் வளைவு ஆழமாகிறது, விளிம்பை மாற்றும் நொடியில் கால் தடுமாறினால் கோடு மழுங்கிவிடுகிறது. இருவர் கைகோத்தபடி, பாட்டின் தாளம் பிசகாமல், ஒரே சாய்வில் இந்தக் கோடுகளை வரைவதே இக்கலையின் அடிப்படை என்பதால், பயிற்றுநர்கள் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பனியில் பதிந்த தடத்தைப் பார்ப்பர்.

இதனைச் சோதிக்கவே ‘கட்டாய நடனம்’ என்ற பிரிவு நெடுங்காலம் போட்டிகளில் இருந்துவந்தது. வால்ட்ஸ், டாங்கோ போன்ற நடன வகைகளில் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட அடவுகளை எல்லா இணையரும் அப்படியே ஆட வேண்டும். ஒவ்வோர் அடியும் எந்த விளிம்பில், தாளத்தின் எந்த எண்ணிக்கையில் விழ வேண்டும் என்பது வரைபடமாகவே குறிக்கப்பட்டிருக்கும். பார்வையாளர்களுக்கு இப்பகுதி சலிப்பூட்டியது உண்மையே. ஆனால் ஒரு பள்ளியின் தரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை. இந்தப் பட்டியலிலேயே ரஷ்யரின் பங்களிப்பு ஒன்று இடம்பெற்றது. லியுட்மிலா பாகோமோவா, அலெக்சாந்தர் கோர்ஷ்கோவ் இணையர் தம் பயிற்றுநர் எலேனா சைகோவ்ஸ்கயாவுடன் சேர்ந்து 1974-ல் வடிவமைத்த ‘டாங்கோ ரொமான்டிகா’ பின்னர் கட்டாய நடனமாக ஏற்கப்பட்டு, உலகெங்கும் உள்ள இணையர் பயில வேண்டிய பாடமாயிற்று. தங்கம் வெல்வதைவிட இது பெரிய வெற்றி என்றே கருத வேண்டும். ஓர் இணையரின் சொந்தக் கற்பனை, பிறர் அனைவரையும் அளக்கும் கோலாக மாறுவது எந்தக் கலையிலும் அரிது.

பாகோமோவா இணையர் 1970 முதல் 1976 வரை ஆறு முறை உலகப் பட்டம் வென்றனர். 1975-ல் கோர்ஷ்கோவ் நுரையீரல் அறுவை சிகிச்சைக்கு உள்ளானதால் அவ்வாண்டின் உலகப் போட்டி மட்டும் அவர்களுக்குக் கைநழுவியது. பனி நடனம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1976 இன்ஸ்புருக் போட்டியில் அவர்களே தங்கம் பெற்றனர். அவ்வாண்டு தொடங்கி 2006 டூரின் போட்டி முடிய நடந்த ஒன்பது ஒலிம்பிக் போட்டிகளில் ஏழில் பனி நடனத் தங்கம் சோவியத் அல்லது ரஷ்ய மரபைச் சேர்ந்த இணையருக்கே சென்றது. இடையே 1984-ல் பிரித்தானியரும் 2002-ல் பிரெஞ்சு இணையரும் வென்றனர். அந்தப் பிரெஞ்சு இணையரிலும் பெண் கலைஞரான மரீனா அனிசினா மாஸ்கோவில் பிறந்து அங்கேயே பயின்றவர்.

இம்மரபுக்குள் மூன்று ஆசிரியைகளின் கிளைகள் தெளிவாகப் பிரிகின்றன. சைகோவ்ஸ்கயா, கிட்டிஸ் எனச் சுருக்கமாக வழங்கும் மாஸ்கோ அரசு நாடகக் கலைக் கழகத்தில் பாலே அமைப்பாளர் ரோஸ்திஸ்லாவ் சக்காரவிடம் நடன அமைப்புக் கலை பயின்றவர். ஆகையால் அவர் கிளையில் பாலேயின் உடல்நேர்த்தியும் நாடகத் தன்மையும் தூக்கலாக இருந்தன. 1980-ல் தங்கம் வென்ற நத்தாலியா லினிச்சுக், கென்னாதி கர்ப்பனோசவ் இணையர் அவருடைய மாணவர்களே. லினிச்சுக் பின்னர் தாமே பயிற்றுநராகி 1994-ல் ஒக்சானா கிரிஷ்சுக், யெவ்கேனி பிளாட்டவ் இணையரைத் தங்கத்துக்கு இட்டுச் சென்றார். தத்தியானா தாரசோவா, சோவியத் பனி ஹாக்கியை உருவாக்கிய அனத்தோலி தாரசவின் மகள். இளம் வயதிலேயே காயத்தால் ஆட்டத்தைக் கைவிட்ட அவர் பயிற்றுநராகப் பெற்ற புகழ் ஈடற்றது. நத்தாலியா பெஸ்தெமியானவாவையும் அந்திரேய் புக்கினையும் இணை சேர்த்து, போரதின் இயற்றிய ‘இளவரசர் இகோர்’ ஓபராவின் போலவ்த்சிய நடன இசைக்கு 1988-ல் அவர்களை ஆடவைத்துத் தங்கம் பெற்றார். நத்தாலியா துபோவாவின் கிளை விளிம்புத் தூய்மைக்குப் பேர்போனது. அவரிடம் வளர்ந்த மரீனா கிளிமோவா, செர்கேய் பனமரென்கோ இணையர் 1984-ல் வெண்கலம், 1988-ல் வெள்ளி, பிறகு தாரசோவாவிடம் சேர்ந்து 1992-ல் தங்கம் என மூன்று நிறப் பதக்கங்களையும் வரிசையாகப் பெற்றனர். துபோவாவின் மற்றொரு மாணவரான அலெக்சாந்தர் ஜூலின்தான் 2006-ல் தங்கம் வென்ற தத்தியானா நாவ்கா, ரமான் கஸ்தமாரவ் இணையரைப் பயிற்றுவித்தவர்.

இந்த வெற்றிகளின்மீது ஒரு நிழலும் உண்டு. ஆறு புள்ளிகளை உச்சமாகக் கொண்ட பழைய மதிப்பீட்டு முறையில் நடுவர்களின் நாட்டுச் சார்பு பற்றிய ஐயம் எப்போதும் இருந்தது. 2002 ஒலிம்பிக்கின் இணைச் சறுக்குத் தீர்ப்பில் எழுந்த பெரும் சர்ச்சையை அடுத்து அம்முறையே கைவிடப்பட்டு, ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனியாகப் புள்ளி வழங்கும் முறை வந்தது. கட்டாய நடனமும் 2010-ல் தனிப் பிரிவாக நீக்கப்பட்டது. அதற்குப்பின் ரஷ்ய இணையர் ஒலிம்பிக் தங்கம் வெல்லவில்லை. ஆனால் இதைக் கொண்டு பள்ளி நலிந்தது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். 2014 சோச்சியில் தங்கம் பெற்ற அமெரிக்க இணையருக்கும் வெள்ளி பெற்ற கனடிய இணையருக்கும் ஒருசேரப் பயிற்றுநராக இருந்த மரீனா சூயேவா, சோவியத் அணியில் ஆடிப் பின் கிட்டிஸில் பயின்றவர். கொடி மாறினாலும் பாடம் மாறவில்லை என்பதே இதன் பொருள்.

இசைநாடக அரங்கு என்று ரஷ்யர் வழங்குவது ஓபரா, பாலே, ஆபரெட்டா ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பரந்த பெயராகும். இங்குப் பள்ளி என்ற கருத்து மேலும் பழமையானது. எனினும் அதன் இன்றைய வடிவம் ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கியது. மாஸ்கோவின் லியோன்தியெவ் சந்தில் இருந்த தம் இல்லத்தில், ஓபராப் பாடகர்களுக்கு நடிப்புப் பயிற்றிவந்த நாடக இயக்குநர் கான்ஸ்தந்தீன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1922-ல் சைகோவ்ஸ்கியின் ‘யெவ்கேனி அனேகின்’ ஓபராவை அரங்கேற்றினார். கூடத்தின் நடுவே நான்கு தூண்கள் நின்றன. மேடைக்கு இடையூறான அவற்றை அகற்ற வழியில்லாததால் காட்சிதோறும் அவற்றை வெவ்வேறு பொருளில் பயன்படுத்தினார். ஒரு காட்சியில் வீட்டு முகப்பாக நின்ற தூண்கள் மற்றொன்றில் நடன மாளிகையின் பகுதியாயின. பாடகர் குரலைக் காட்டுவதற்காக முன்மேடையில் வந்து நின்று கைகளை விரிப்பதை அவர் அனுமதிக்கவில்லை. இசையின் ஒவ்வோர் அடியும் பாத்திரத்தின் ஏதேனும் ஒரு செயலோடு பொருந்த வேண்டும் என்பதே அவர் விதித்த அளவுகோல். அவருடைய குழுவும் மற்றொரு நாடக இயக்குநரான நெமிரோவிச்-தான்சென்கோவின் இசைநாடகக் குழுவும் 1941-ல் இணைந்து உருவான அரங்கு, அந்த நான்கு தூண்களையே தன் சின்னமாக இன்றும் வைத்திருக்கிறது.

அடுத்த தலைமுறையில் இம்மரபை ஏந்தியவர் பரீஸ் பக்ரோவ்ஸ்கி. கிட்டிஸில் பயின்று, பல்ஷோய் அரங்கின் தலைமை இயக்குநராக உயர்ந்த அவர், பெருமேடையில் பாடகரின் கண்களைப் பார்வையாளர் காண இயலாது என்ற குறையைப் போக்க 1972-ல் மாஸ்கோ சிற்றரங்க இசைநாடகக் குழுவைத் தொடங்கினார். ஷஸ்தகோவிச் இளமையில் இயற்றிய ‘மூக்கு’ என்ற ஓபரா 1930-ல் லெனின்கிராதில் அரங்கேறிச் சில காட்சிகளோடு மறைந்துபோய், நாற்பதாண்டுகளுக்கு மேல் தாய்நாட்டில் நடிக்கப்படாமலே கிடந்தது. அதனை 1974-ல் பக்ரோவ்ஸ்கி மீட்டெடுத்தபோது இசையமைப்பாளரே ஒத்திகைகளுக்கு வந்திருந்து கேட்டார்; அடுத்த ஆண்டு அவர் காலமானார். நத்தாலியா சாத்ஸ் 1965-ல் மாஸ்கோவில் நிறுவிய சிறுவர் இசைநாடக அரங்கும் இவ்வரிசையில் வைத்துப் போற்றத்தக்கது. ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற படைப்பைப் புரக்கோஃபியேவிடம் கேட்டுப் பெற்ற அந்த அம்மையார், 1937-ல் கைதாகிச் சிறைமுகாம்களில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர். குழந்தைகளுக்கு என்பதற்காக இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாது என்ற கொள்கையை அவர் அத்தனை துன்பத்துக்குப் பின்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ராக் இசையைத் தழுவிய மேடை வடிவங்களில் அலெக்சேய் ரிப்னிக்கவ் இசையமைக்க, மார்க் சக்காரவ் 1981-ல் இயக்கிய ‘யூனோவும் அவோசும்’ தலைசிறந்தது. மேலைநாட்டு வடிவத்தை எடுத்தாண்டபோதும் நடிப்பில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் வழியையே அது பின்பற்றியது.

விண்பயணத்தில் அளவுகோல் தவறினால் இழப்பது பதக்கமன்று, உயிராகும். 1960 ஜனவரியில் தோன்றி, மாஸ்கோவுக்கு அருகே உள்ள விண்மீன் நகரத்தில் இயங்கும் வீரர் பயிற்சி மையமே இத்துறையின் பள்ளி. யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடங்களில் புவியைச் சுற்றி மீண்டதும், வாலந்தீனா தெரெஷ்கோவா 1963-ல் ஏறத்தாழ மூன்று நாள் தனியே பறந்ததும், அலெக்சேய் லியோனவ் 1965-ல் கலத்தைவிட்டு வெளியே மிதந்ததும் உலகறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது அங்கு நடக்கும் தேர்வு. சோயுஸ் விண்கலத்தின் மாதிரியில் குழுவினர் பறப்புக்குரிய உடையணிந்து அமர்வதற்கு முன், மூடி முத்திரையிட்ட சில உறைகள் அவர்கள்முன் வைக்கப்படுகின்றன. குழுத்தலைவர் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த உறையில் எழுதியுள்ள வரிசைப்படி, அன்று முழுவதும் பயிற்றுநர்கள் கலத்தில் பழுதுகளை உண்டாக்கிக்கொண்டிருப்பர்: புகை எழும், காற்றழுத்தம் குறையும், இயந்திரம் முன்னதாகவே நின்றுவிடும், விண்வெளி நிலையத்துடன் இணையும் தானியங்கிக் கருவி செயலிழக்கும். குழுவினரின் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு விசையழுத்தமும் குறிக்கப்பட்டு, தேர்வுக் குழுவின் முன் மதிப்பெண் வழங்கப்படுகிறது. பனித்தளத்தின் கட்டாய நடனத்துக்கு நிகரான சோதனை இது.

இந்தத் தேர்வின் பயன் 1985-ல் வெளிப்பட்டது. ஆளில்லாத சல்யூட்-7 விண்வெளி நிலையம் அவ்வாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் இழந்து, தொடர்பற்றுப் புவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. உறைந்துபோன அதனுடன் தானியங்கி முறையில் இணைய இயலாது. 1982-ல் கணினி செயலிழந்தபோது கைமுறையாகக் கலத்தை இணைத்த பட்டறிவுடைய விளதீமிர் ஜானிபெகவ், ஜூன் 8 அன்று மீண்டும் அதையே செய்தார். உடன் சென்ற விக்தர் சவினிக் கையடக்க லேசர் கருவியால் தொலைவை அளந்து சொல்லச் சொல்ல, கலம் நிலையத்தைத் தொட்டது. உள்ளே சுவர்களில் பனி படர்ந்திருந்தது, தண்ணீர் உறைந்து கிடந்தது. கம்பளித் தொப்பியணிந்த அவ்விருவரும் மின்கலங்களை நேரடியாகச் சூரியத் தகடுகளோடு இணைத்து, நிலையத்துக்கு மீண்டும் உயிரூட்டினர். விண்வெளியில் மனிதர் செய்த பழுதுநீக்கங்களுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

அளவுகோலைவிடக் குறித்த நாள் முதன்மை பெற்ற தருணங்களில் இப்பள்ளி கொடுத்த விலையையும் மறைத்தல் தகாது. ஆளில்லாத முன்னோட்டங்கள் அனைத்திலும் பழுது கண்டிருந்தும் 1967 ஏப்ரலில் ஏவப்பட்ட சோயுஸ்-1 தரையில் மோதியதில் விளதீமிர் கமரோவ் மாண்டார். 1971-ல் சோயுஸ்-11 திரும்புகையில் ஒரு வால்வு திறந்துகொண்டு காற்று வெளியேறியதால், அழுத்த உடையின்றிப் பயணம் செய்த தப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்ஸாயெவ் மூவரும் இறந்தனர். கலத்தில் மூவருக்கு இடம் வேண்டும் என்பதற்காக உடை கைவிடப்பட்டிருந்தது. அதற்குப்பின் ‘சோக்கல்’ என்னும் அழுத்த உடை கட்டாயமாக்கப்பட்டது. உடைக்கும் அதன் கருவிகளுக்கும் இடம் வேண்டிப் பல ஆண்டுகள் இருவரே பறந்தனர். அவ்விபத்துக்குப் பின் இன்றுவரை சோயுஸ் பயணத்தில் ஓர் உயிரும் போகவில்லை. 1983 செப்டம்பரில் ஏவுதளத்திலேயே ராக்கெட் தீப்பற்றியபோது, மீட்பு இயந்திரம் விளதீமிர் தித்தவையும் கென்னாதி ஸ்த்ரெகாலவையும் கலத்தோடு இழுத்துச் சென்று உயிருடன் தரையிறக்கியது. அதே ஸ்த்ரெகாலவ்தான் ஆறு மாதம் கழித்து 1984 ஏப்ரலில், மலிஷெவ் தலைமையில், இந்தியரான ராகேஷ் சர்மாவின் பக்கத்தில் அமர்ந்து சல்யூட்-7-க்குச் சென்றவர்.

நீண்டகாலத் தங்கலிலும் இம்மரபின் முன்னிலை தொடர்கிறது. மருத்துவரான வலேரி பல்யகோவ் 1994-95-ல் மீர் நிலையத்தில் ஒரே பயணத்தில் 437 நாள் தங்கினார். அலெக் கனனென்கோ 2024-ல் மொத்தம் 1,111 நாள் என்ற எண்ணிக்கையுடன் திரும்பினார். இப்பள்ளியின் பாடம் ரஷ்யரோடு நின்றுவிடவுமில்லை. இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யானுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய விமானப்படை அதிகாரிகள் நால்வர் 2020 முதல் 2021 வரை விண்மீன் நகரத்திலேயே அடிப்படைப் பயிற்சி பெற்றனர். அவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சோயுஸில் பறக்கப் போகாதவர்களாயினும், அக்கலத்தின் அமைப்பையும், பனிக்காட்டிலும் நீரிலும் தரையிறங்கினால் உயிர்பிழைக்கும் முறைகளையும் ரஷ்ய மாணவர் பயிலும் அதே வழியில் அவர்களும் பயின்றனர்.