பங்குக் கிணறும் பொதுக் கிணறும்: ஆய்வுத் தரவுகளின் உடைமை பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணச் சமூகம் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் மைக்கல் பாங்ஸை மேற்கோள் காட்டாது அப்பாற் செல்வதில்லை. 1950களில் இங்கு களஆய்வு நடத்திய அவர், 1957இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கலாநிதிப்பட்ட ஆய்வேடு நூலுருப் பெறவில்லை. எட்மண்ட் லீச் 1960இல் பதிப்பித்த தொகுப்பில் வெளிவந்த அவரது கட்டுரையே பலர் கைக்கும் எட்டியது. அதன் முடிபுகளை நாம் ஏற்கின்றோம் அல்லது மறுக்கின்றோம். ஆனால் அம்முடிபுகளுக்கு அடிப்படையான களக்குறிப்புகளை முன்வைத்து அவற்றைச் சோதித்தவர் நம்மிடையே எவர்? சான்று ஓரிடத்திலும் விவாதம் வேறோரிடத்திலுமாக இருக்கும்வரை, விமர்சனம் என்பது அபிப்பிராயங்களின் மோதலாகவே அமையும்.

இவ்விடயத்தில் நம் பதிப்பாசிரியர்கள் நம்மினும் மேம்பட்டு நின்றனர். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) கலித்தொகையையும் (1887) அச்சேற்றிய காலத்தில், ஏடு தேடிய வரலாற்றையும் ஏடுகள் சிதைந்து கிடந்த நிலையையும் பதிப்புரைகளில் வெளிப்படையாக எழுதினார். உ.வே. சாமிநாதையர் ஏடு உதவியோர் பெயர்களைக் குறித்ததோடு பாடபேதங்களையும் தந்தார். பாடபேதம் என்பது யாது? தான் கொண்ட பாடத்தோடு தான் தள்ளிய பாடத்தையும் பதிப்பாசிரியன் வாசகன் முன் வைப்பது. தன்னை மறுப்பதற்கான கருவியைத் தானே எதிராளியின் கையிற் கொடுப்பது. இன்று தரவுப் பகிர்வு என்று புதிதுபோலப் பேசப்படுவதன் சாரம் இதுவே. இவ்வாறு கூறுவதால் அக்காலத்தை இலட்சியமாக்க வேண்டியதில்லை. ஏடு எவ்வீட்டில் இருக்கும், எம்மடத்தில் இருக்கும் என்பதைச் சாதியும் நிலவுடைமையும் தீர்மானித்தன. எழுத்து மறுக்கப்பட்டோரின் வாய்மொழி அன்று ‘பாடம்’ எனக் கொள்ளப்படவில்லை.

நூல்களைப் பொறுத்தவரை நிலைமை மாறியுள்ளது. 1981 மே 31 இரவு மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி, எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்தமை அத்தீக்குத் தகுந்த மறுமொழி. ஆயினும் அங்கு கிடைப்பவற்றிற் பெரும்பகுதி அச்சேறி முடிந்த ஆக்கங்களே. அவற்றை எழுதுவதற்காகத் திரட்டிய வினாக்கொத்துகளும் செவ்விகளின் ஒலிநாடாக்களும் கணக்குத்தாள்களும் எத்தனையோ ஆய்வாளரின் வீட்டு அலுமாரிகளிற் கிடந்து, அவர் காலத்துக்குப்பின் கறையானுக்கோ பழைய கடதாசி வியாபாரிக்கோ போய்ச் சேர்கின்றன.

இயற்கை விஞ்ஞானங்களில் இவ்விவாதம் பழையது. பிரித்தானிய மார்க்சிய விஞ்ஞானி ஜே.டி. பேணல், விஞ்ஞானத்தின் சமூகப் பணி குறித்து 1939இல் வெளியிட்ட நூலில், ஆய்வு வெளியீட்டு முறையையே மாற்றியமைக்க வேண்டுமென வாதிட்டார். மார்க்சியர் அல்லாத றொபேட் மேட்டன், கண்டுபிடிப்புகள் சமூகத்தின் பொதுவுடைமை என்னும் நெறிக்கு 1942இல் ‘கம்யூனிசம்’ என்றே பெயரிட்டார். (பின்வந்தோர் பலர் அச்சொல்லை நாசூக்காக மாற்றிக்கொண்டமை வேறு கதை.)

இந்நெறி மீறப்படுமிடத்து நேர்வதை அறியக் குடாநாட்டை விட்டு வெளியே செல்லவேண்டியதில்லை. சுன்னாகம் மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் மாசு உண்டு என்றன. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லை என்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசு நிகழ்ந்ததை ஏற்று, மின்உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் கிணற்றுக்காரனின் காதுக்கு வந்தவை ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு முடிபுகளே. எக்கிணற்றில், எந்நாளில், எவ்வாழத்தில், எம்முறையில் எடுக்கப்பட்ட மாதிரி என்பதை ஒப்புநோக்க இயலாதவனுக்கு, விஞ்ஞானமும் சோதிடம்போல நம்புவதற்குரிய ஒன்றாகிவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லினூடாகப் பரவும் நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. அந்நீர் பற்றிய தரவுக்கோ வேலி உண்டு.

2021 நவம்பரில் யுனெஸ்கோ நிறைவேற்றிய திறந்த விஞ்ஞானம் பற்றிய பரிந்துரை இவ்வகையில் வரவேற்கத்தக்கதே. எனினும் யாருக்குத் திறப்பது என்ற வினா எஞ்சி நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் எழுதப்படுவதுண்டு. பங்குக்காரர் முறைவைத்து இறைப்பர். பகிர்வுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் அதே கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அள்ளலாகாது. பங்குடையோர் அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க நேர்ந்தது. பல்கலைக்கழகங்கள் தம்முள் தரவைப் பரிமாறிக்கொள்வதும் பெரும்பாலும் இப்பங்குக் கிணற்று முறையையே ஒத்தது. கூலியின்றித் தம் வாழ்க்கையைச் சொல்லித் தந்த மக்கள், அதாவது அத்தரவின் உற்பத்தியாளர், பங்கில் இல்லை. உழைப்பின் விளைபொருள் உழைத்தவனுக்கே அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் கூறியதை இங்கு வலிந்து பொருத்த வேண்டியதில்லை.

திறத்தல் தன்னளவில் நன்மையாகிவிடாது என்பதும் மனங்கொளத்தக்கது. 1983 ஆடியிற் கொழும்பில் தமிழர் வீடுகளை இனங்காண வாக்காளர் பட்டியல்கள் பயன்பட்டன. ஆதலின் பெயரும் அடையாளமும் மறைத்தல் இன்றியமையாதது. ஆனால் இக்காரணத்தையே கேடயமாக்கி எதையுமே காட்டாதிருப்போரும் உளர். 1981, 2012 குடிசன மதிப்பீடுகள் சாதியை வினவவில்லை. 2001இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் முழுமையான மதிப்பீடே நடைபெறவில்லை. சாதி, காணி, இடப்பெயர்வு என்பன பற்றித் தனிப்பட்ட ஆய்வாளரும் நிறுவனங்களும் திரட்டியவையே அவ்விடைவெளிக்கு நம்மிடம் உள்ள சான்று. பெயர் நீக்கிய அட்டவணையையும் பூட்டிவைப்பதால் தகவலாளர் காக்கப்படுவதில்லை. ஆய்வாளரின் தவறுகளே காக்கப்படுகின்றன.

இலக்கிய விமர்சனத்துக்கு இதில் என்ன அக்கறை என வினவலாம். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தையடுத்து விரிவுற்ற தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களில் நெல்லியடியும் அயலிலுள்ள கன்பொல்லையும் பெற்ற இடம் நன்கறியப்பட்டது. அக்காலத்தை இன்று பலர் அறிவது கே. டானியலின் நாவல்கள் வாயிலாகவே. ‘பஞ்சமர்’ மிகைப்படுத்துகிறது, பிரசாரம் செய்கிறது என்போர் எதனோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறுகின்றனர்? அது யதார்த்தமே என்று வாதிடும் நம் தரப்பினரும் எதனோடு ஒப்பிட்டனர்? போராட்டத்தில் நின்றோரின் வாக்குமூலமே இங்கு உரைகல். அவர்களிற் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் முதுமையின் எல்லையில் உள்ளனர். பட்ட ஆய்வுக்காக அவர்களிடம் மணிக்கணக்கிற் பதிவுசெய்தது ஆய்வேட்டில் ஈரடிக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

ஒழுங்கு கடினமானதன்று. ஆய்வேட்டுடன் ஒலிப்பதிவின் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்துக்கும், இன்னொன்று பேசியவருக்கோ அவரது ஊர்ச் சனசமூக நிலையத்துக்கோ செல்லவேண்டும். எப்பகுதியை எப்போது திறக்கலாம் என்பதைப் பேசியவரே தீர்மானிக்கவேண்டும். அவ்விரண்டாம் பிரதியைக் கேட்கும் பேரன் ஒருவன், ‘பாட்டன் இதை வேறுவிதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்’ என எழுதியனுப்பினால், அதுவும் பாடபேதமாக ஆய்வேட்டுடன் சேர்த்துக் கட்டப்படவேண்டும்.